வேலை வாங்கிக் கொடுக்கப் போகவில்லை: பிலிப்பைன்ஸில் மூத்த தம்பதிகளின் ஊழியம்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை மார்மன் சபை என்று சொன்னால்தான் பலருக்கும் பிடிபடும். அந்தச் சபையின் ஊழியம் என்றதும் வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டை என்று இரண்டிரண்டு பேராக நடந்து போகும் இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் சேர்ந்தே ஊழியத்துக்குப் போவது வெளியே அவ்வளவாகத் தெரியாது. அப்படிப் போகிறவர்களில் சிலருக்கு, வெளிநாட்டில் வேலை தேடுகிறவர்களுக்குத் துணையாக இருக்கும் பொறுப்பு கிடைக்கிறது. சுயசார்புப் பணி என்பார்கள். பிலிப்பைன்ஸில் அந்தப் பணி எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸில் 1961-இல் இந்தச் சபையின் ஊழியம் தொடங்கியது. 1984-இல் மணிலாவில் ஆலயம் எழுந்தது. இன்று எட்டு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். இளைஞர்கள் இரண்டு வருடமும் இளம்பெண்கள் பதினெட்டு மாதமும் ஊழியம் முடித்து வீடு திரும்பும்போது பெரும்பாலும் வயது இருபதைச் சுற்றியே இருக்கும். படிப்பு பாதியில் நிற்கும், கையில் வேலைச் சான்றிதழ் இருக்காது, வீட்டில் தம்பி தங்கைகள் எதிர்பார்த்துக் கொண்டிருப்பார்கள். தம்பதிகளிடம் முதலில் வருகிறவர்கள் இவர்கள். அடுத்து வருகிறவர்கள், ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வேலை மாறி மாறிக் களைத்துப்போன குடும்பஸ்தர்கள்.

போகிற தம்பதி முதல் நாளிலேயே தெளிவாகிக் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் யாருக்கும் வேலை வாங்கிக் கொடுக்கப் போகவில்லை. ஒருவர் வேலை தேடும் முறையை மாற்றுவதும், அந்த முறையைச் சொல்லித்தர உள்ளூர் ஆட்களைத் தயார் செய்வதும்தான் பணி. முன்னாள் மேலாளர்களும் தொழிலதிபர்களுமாக இருந்தவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். தெரிந்த கம்பெனிக்கு ஒரு போன் போட்டு ஒரு பையனைச் சேர்த்துவிட்டால் அன்றைக்கு மனசு நிறையும். ஆனால் மறுநாள் வாசலில் முப்பது பேர் நிற்பார்கள், போன் போட்டவர் பதினெட்டு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார்.

கிளம்புவதற்கான நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் தொகுதியின் (உள்ளூர்ச் சபையின்) ஆயரிடம் பேசி, பிறகு பல தொகுதிகள் சேர்ந்த பிணையத்தின் தலைவரிடம் நேர்காணல், மருத்துவ, பல் பரிசோதனைப் படிவங்கள், அதன்பின் அழைப்புக் கடிதம். 6, 12, 18, 23 மாதம் என்று காலத்தைத் தம்பதியே தேர்ந்தெடுக்கலாம். செலவு அவர்களுடையது. வீட்டு வாடகைச் சுமைக்கு மட்டும் 2011-இல் சபை ஓர் உச்சவரம்பு வைத்தது: மாதம் 1,400 டாலருக்கு மேல் தம்பதி கொடுக்க வேண்டியதில்லை. சாப்பாடு, போக்குவரத்து, மருத்துவக் காப்பீடு எல்லாம் சொந்தப் பணம். பலரும் கோட்டை விடுவது மாத்திரை விஷயத்தில். ரத்த அழுத்தம், தைராய்டு, சர்க்கரை என்று தினமும் சாப்பிடும் மருந்தின் வணிகப் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு போனால், அங்குள்ள மருந்துக்கடையில் அந்தப் பெயர் இருக்காது. மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் மருத்துவர் கையெழுத்துடன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தைப் பற்றி என் கருத்து: இந்தப் பணிக்கு ஆறு மாதம் போதாது. முதல் மூன்று மாதம் யார் யார், எது எங்கே என்று புரிவதற்கே போய்விடும்.

குழு எப்படி நடக்கிறது

வேலை தேடுவோருக்கான குழு வாரம் ஒருமுறை, சுமார் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வாரம் என்ற வடிவில் அமைந்தது. பத்துப் பேர் அளவில் இருந்தால் நன்றாக ஓடும். ஆசிரியர் கிடையாது, நடத்துபவர் ஒருவர் இருப்பார். புத்தகத்தில் உள்ளதைப் படிப்பார், காணொளி போடுவார், கேள்வி கேட்பார், நேரம் பார்ப்பார். கூட்டம் தொடங்கியதும் போன வாரம் செய்வதாகச் சொன்னதைச் செய்தார்களா என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்வார்கள். அது பலகையில் பெயருக்கு நேராகக் குறிக்கப்படும். கூட்டம் முடியும்போது அடுத்த வாரத்துக்கான உறுதிகள். இடையில் ஒருவருக்கொருவர் போன் செய்து விசாரிக்க இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்கள்.

இதில் தம்பதி செய்கிற முதல் தவறு, முன்னால் நின்று பேசுவது. நாற்பது வருட அனுபவம் இருக்கிறது, பேசத்தான் தோன்றும். வெளிநாட்டுப் பெரியவர் பேச ஆரம்பித்தால் பிலிப்பினோக்கள் மரியாதைக்காக வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் தன் நிலைமையைச் சொல்ல மாட்டார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரை நடத்த வைத்து, தம்பதி வட்டத்துக்கு வெளியே உட்கார வேண்டும். நடத்துகிறவரோடு கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம், முடிந்த பிறகு பதினைந்து நிமிடம். தம்பதியின் உழைப்பு அந்த இடத்தில்தான் போக வேண்டும். காணொளிகளை முன்கூட்டியே தரவிறக்கி வைக்காவிட்டால், இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும் இருபது நிமிடத்தில் கூட்டத்தின் சூடு ஆறிவிடும்.

15, 10, 2

வேலை தேடுவதே இப்போதைக்கு உங்கள் முழுநேர வேலை என்பதுதான் இந்தப் பயிற்சியின் அடிப்படை. அதற்கு ஒரு தினசரிக் கணக்கு உண்டு: ஒரு நாளைக்கு 15 வழிகளைக் கண்டுபிடிக்க வேண்டும், 10 பேரைத் தொடர்புகொள்ள வேண்டும், 2 பேரை நேரில் சந்திக்க வேண்டும். வழி என்றால் வேலைவாய்ப்புத் தகவல் வரக்கூடிய ஆள், அலுவலகம், இணையதளம், எதுவும். தொடர்பு என்றால் போன், மின்னஞ்சல், குறுஞ்செய்தி. சந்திப்பு என்றால் முகத்துக்கு முகம். நேர்காணலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கிடங்கின் மேற்பார்வையாளரோடு மதிய இடைவேளையில் பத்து நிமிடம் பேசினாலும் கணக்கில் சேரும்.

தினம் இரண்டு சந்திப்பா என்று கேட்டுச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. அவர்களுடைய தாளை வாங்கிப் பார்த்தால் விஷயம் தெரியும். பதினைந்தும் நிரம்பியிருக்கும், எல்லாம் பேஸ்புக்கில் பார்த்த விளம்பரங்கள். பத்தில் எட்டு, விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பதில் வராதவை. சந்திப்புக்கான இரண்டு இடமும் காலியாக இருக்கும். வேலை விளம்பரமாக வருவதற்கு முன்பே ஆள் தெரிந்து நிரம்பிவிடும் இடங்கள் நிறைய. அங்கே போய்ச் சேர விண்ணப்பம் உதவாது, மனிதர்கள்தான் உதவுவார்கள். ஆகவே பட்டியலை மனிதர்களிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும்: பழைய ஆசிரியர், அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர், ஊழியத்தில் உடனிருந்தவர்கள், முடிவெட்டுபவர். ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது "வேலை இருக்கிறதா?" என்பதல்ல. அப்படிக் கேட்டால் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். "இந்தத் துறையில் இருக்கிற யாரையாவது தெரியுமா, உங்கள் பெயரைச் சொல்லிப் பேசலாமா?" என்று கேட்டால் அடுத்த பெயர் கிடைக்கும்.

நகராட்சி தோறும் இருக்கும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தை, அங்கே பெசோ (PESO) என்பார்கள், பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அலுவலகம், சேவை இலவசம். மே 1, ஜூன் 12 ஆகிய நாள்களையொட்டிப் பெரிய வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கும். அங்கேயே ஆள் எடுக்கிறவர்களும் உண்டு. காலையில் கதவு திறக்கும்போது நிற்க வேண்டும், சுயவிவரத்தின் நகல் பத்துக்குக் குறையாமல் கையில் இருக்க வேண்டும்.

முப்பது விநாடி

தன்னைப் பற்றி முப்பது விநாடியில் சொல்லப் பழகுவது பயிற்சியின் இன்னொரு பகுதி. நான் யார், என்ன வேலை தேடுகிறேன், எனக்கு என்ன தெரியும், அதற்கு ஒரு சான்று. இந்தச் சான்றுதான் கடினம். திறமையைச் சொல்லி, அதைக் காட்டிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதன் பலனை எண்ணிக்கையில் சொல்லி, அந்தக் கம்பெனிக்கு அது எப்படிப் பயன்படும் என்று முடிக்க வேண்டும்.

ஊழியம் முடித்து வந்த ஓர் இளைஞர் எழுதி வருவது இப்படி இருக்கும்: "இரண்டு வருடம் சபை ஊழியம் செய்தேன். கடின உழைப்பாளி. எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்." வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஆள் எடுக்கிறவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேருக்குப் பொறுப்பாக இருந்தாய்? பதினாறு பேர். என்ன செய்தாய்? வாரம் ஒருமுறை பயிற்சி நடத்தினேன், தினமும் இரவு எல்லோரிடமும் அறிக்கை வாங்கினேன். ஆங்கிலத்திலா? ஆமாம், பாதிப் பேர் வெளிநாட்டவர். கோபமாகப் பேசுகிறவர்களைச் சமாளித்திருக்கிறாயா? தினமும். இதையெல்லாம் சேர்த்தால், "பதினாறு பேர் கொண்ட குழுவுக்கு ஆங்கிலத்தில் வாராந்தரப் பயிற்சி நடத்தினேன், தினசரி அறிக்கைகளைத் தவறாமல் திரட்டினேன், அறிமுகமில்லாதவர்களிடம், கோபமாக இருப்பவர்களிடமும், பொறுமையாகப் பேசிப் பழகியவன், உங்கள் வாடிக்கையாளர் அழைப்புகளுக்கு அது உதவும்" என்று வரும். மதச் சொல் ஒன்றுகூட இல்லை, பொய்யும் ஒன்று இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை உருவாக்க அரை மணி நேரம் ஆகும். குழுவில் பத்துப் பேர் முன்னிலையில் ஒருவருக்குச் செய்து காட்டினால் மற்றவர்கள் தாங்களாகவே எழுதத் தொடங்குவார்கள்.

சுயவிவரத்தை அமெரிக்கப் பாணிக்கு மாற்றிக் கொடுப்பது தம்பதிகள் பாசத்தோடு செய்கிற இன்னொரு பிழை. படம் வேண்டாம், திருமண நிலை வேண்டாம் என்று எடுத்துவிடுவார்கள். அங்கே பல இடங்களில் இரண்டுக்கு இரண்டு அங்குலப் படம் இல்லாத விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். வயது விஷயம் வேறு. விண்ணப்பத்தில் வயதையும் பிறந்த தேதியையும் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று 2016-இன் வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் சொல்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

காகிதங்கள்

நேர்காணலில் தேறி, காகிதத்தில் தோற்கிறவர்கள் பலர். நீளமான பழுப்பு உறை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துக்கொண்டு அலைவது அங்கே வழக்கம். அந்த உறையைத் தம்பதி முதல் சந்திப்பிலேயே மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பாரங்காய் எனப்படும் மிகச் சிறிய உள்ளூர் நிர்வாகப் பிரிவின் சான்று, தேசியப் புலனாய்வுத் துறையான என்.பி.ஐ. தரும் நன்னடத்தைச் சான்று, சமூகப் பாதுகாப்பு எண், அரசு மருத்துவக் காப்பீடான பில்ஹெல்த், வீட்டுச் சேமிப்பு நிதியான பாக்-இபிக், வரி எண், பள்ளிச் சான்றுகள், மருத்துவப் பரிசோதனை.

முதல்முறையாக வேலை தேடுகிறவருக்கு இவற்றில் பெரும்பாலானவை இலவசம். 2019-இல் வந்த குடியரசுச் சட்டம் 11261 அப்படிச் சொல்கிறது. ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் பாரங்காய் அலுவலகத்துக்குப் போய், ஆறு மாதமாவது அங்கே குடியிருப்பவர், முதல்முறை வேலை தேடுபவர் என்ற சான்றை வாங்க வேண்டும். அது ஒரு வருடம் செல்லும். அதைக் காட்டித்தான் மற்ற இடங்களில் கட்டண விலக்குக் கேட்க முடியும். இது தெரியாமல் நேரே போய்ப் பணம் கட்டியவருக்குத் திரும்பக் கிடைக்காது. சலுகையும் ஒரே முறைதான். ஓட்டுநர் உரிமம், தொழில்முறைத் தேர்வுக் கட்டணம் போன்றவை இதில் வராது.

என்.பி.ஐ. சான்றில் ஒரு சிக்கல் உண்டு. சாந்தோஸ், டெலா க்ரூஸ் போன்ற பரவலான குடும்பப் பெயர் இருந்தால், அதே பெயரில் வழக்கில் உள்ள வேறு யாராவது கணினியில் வந்துவிடுவார். ஆள் வேறு என்று சரிபார்த்துச் சான்று தர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். திங்கட்கிழமை சேர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சொன்ன கம்பெனி காத்திருக்காது. வேலை தேடத் தொடங்கும்போதே இதை எடுத்து வைத்துவிட வேண்டும், ஒரு வருடம் செல்லுபடியாகும்.

இதைவிடக் கடினம், பிறப்புச் சான்றில் ஓர் எழுத்து மாறியிருப்பது. பள்ளிச் சான்றில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றில் வேறு மாதிரி. 2001-இன் குடியரசுச் சட்டம் 9048 வந்த பிறகு எழுத்துப்பிழைக்கு நீதிமன்றம் போக வேண்டாம், உள்ளூர்ப் பதிவாளரிடமே திருத்தலாம். பிறந்த நாள், மாதம் தவறாக இருந்தாலும் 2012-இன் திருத்தத்தால் இந்த வழி திறந்திருக்கிறது. ஆனாலும் மாதக்கணக்கில் இழுக்கும். முதல் வாரமே கண்ணில் பட்டால்தான் பன்னிரண்டாவது வாரம் கையில் வரும்.

காசுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜீப்னி என்ற சிறு பேருந்தில், சாதாரண வகைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 2023 அக்டோபரில் 13 பெசோ ஆனது (இங்கே பெசோ என்பது அந்த நாட்டு நாணயம்). நேர்காணலுக்கு மூன்று ஜீப்னி மாறிப் போய்த் திரும்புகிறவருக்கு, சாப்பாடு, நகல், படம், போனுக்கு ரீசார்ஜ் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளே கனமாகிவிடும். மெட்ரோ மணிலாவில் 2024 ஜூலையில் குறைந்தபட்ச நாள்கூலியே 645 பெசோவாகத்தான் இருந்தது. அதனால் ஒரே பக்கத்தில் இருக்கும் இடங்களை ஒரே நாளில் முடிக்கும்படி வாரத் திட்டம் போடச் சொல்வது பெரிய உதவி.

ஞாயிற்றுக்கிழமை

இந்தச் சபையினருக்கு ஞாயிறு ஓய்வு நாள், ஆராதனை நாள். வேலை கிடைக்கும் இடங்களோ வாடிக்கையாளர் சேவை மையங்களும் அங்காடிகளும். வேலையா விசுவாசமா என்று இளைஞர்கள் தவிப்பது இங்கேதான். தம்பதிகளும் "ஜெபியுங்கள், வழி திறக்கும்" என்று சொல்லி நிறுத்திவிடுவதுண்டு. ஜெபத்தோடு சட்டத்தையும் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிலிப்பைன்ஸ் தொழிலாளர் சட்டத்தின் 91-ஆவது பிரிவு வார ஓய்வு நாளை முதலாளி தீர்மானிக்கலாம் என்கிறது. கூடவே, மத காரணத்தால் ஊழியர் ஒரு நாளை விரும்பினால் முதலாளி அதை மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதன் விதிகள்படி, அந்த ஓய்வு தொடங்க வேண்டிய நாளுக்கு ஏழு நாள் முன்பாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நாளில் விடுப்புக் கொடுத்தால் நிறுவனத்தின் வேலை கடுமையாகப் பாதிக்கப்படும், வேறு வழியே இல்லை என்றால், மாதத்தில் இரண்டு நாளாவது அவர் கேட்ட நாளில் ஓய்வு தர வேண்டும்.

சட்டம் இருக்கிறது என்று முதல் நேர்காணலிலேயே எடுத்து நீட்டினால் வேலை கிடைக்காது. வேலை உறுதியானதும், கையெழுத்துப் போடுவதற்கு முன், பணிவாகக் கேட்க வேண்டும்: சனிக்கிழமையும் விடுமுறை நாள்களிலும் வருகிறேன், இரவுப் பணியும் சரி, ஞாயிறு மட்டும் ஓய்வாக வேண்டும். பண்டிகைக் காலத்தில் மற்றவர்கள் தயங்கும் நாளை ஏற்றுக்கொள்கிறவருக்கு மேற்பார்வையாளர் இடம் கொடுப்பார். பிறகு ஒரு பத்தியில் கடிதம், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து. (இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையான வேலைக்குக் கூலியில் பத்து சதவீதமாவது கூடுதலாக உண்டு. சம்பளச் சீட்டில் அது இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.)

ஐந்தாவது மாதம்

தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அவர் நிரந்தர ஊழியர். நல்ல நோக்கத்தில் எழுதிய இந்த விதியைத் தவிர்க்க, ஐந்தாவது மாதத்தில் ஒப்பந்தத்தை முடித்து அனுப்புகிற பழக்கம் பரவியது. எண்டோ என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே தம்பதியின் பதிவேட்டில் வேலை கிடைத்தது என்று எழுதி மூடிவிடக் கூடாது. நான்காவது மாதம் ஒரு போன் செய்து, ஒப்பந்தத்தில் என்ன தேதி இருக்கிறது என்று கேட்டு, தேவையானால் அப்போதே 15, 10, 2-ஐத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு ஆசை

குழுவில் பாதிப் பேருக்கு மனதில் துபாயோ சிங்கப்பூரோ இருக்கும். வேண்டாம் என்று சொல்வது தம்பதியின் வேலையல்ல. ஏமாறாமல் பார்த்துக்கொள்ளலாம். முகவருக்கு உரிமம் உண்டா, அந்த உரிமம் இப்போது செல்லுபடியாகிறதா, அவர் சொல்லும் வேலைக்கு அனுமதி பெற்ற ஆள்தேவை ஆணை (ஜாப் ஆர்டர்) இருக்கிறதா என்ற மூன்றையும் புலம்பெயர் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். முதலிரண்டு சரியாக இருந்து மூன்றாவது இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். சேர்ப்புக் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது, அதுவும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, ரசீதோடு. வீட்டு வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போகிறவர்களிடம் வாங்கவே கூடாது. சுற்றுலா விசாவில் முதலில் போய்விடு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், அது சபைச் சகோதரரே ஆனாலும், அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சபைக்குள் இருக்கும் நம்பிக்கையைப் பயன்படுத்தித்தான் இந்தப் பேச்சு சுலபமாக உள்ளே வருகிறது.

கடனும் காசும்

படிக்கப் பணமில்லாத இளைஞர்களுக்குக் கடன் தர நிரந்தரக் கல்வி நிதி என்ற ஒன்றை 2001 மார்ச் 31-இல் அப்போதைய சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி அறிவித்தார். 1849-இல் ஏழை விசுவாசிகள் யூட்டாவுக்குக் குடிபெயர உதவிய நிரந்தரக் குடியேற்ற நிதிதான் முன்மாதிரி: வாங்கியவர் திருப்பிக் கட்டினால் அடுத்தவருக்குப் போகும். கடன் கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வி, எந்த வேலைக்கு இந்தப் படிப்பு என்பது. படிப்பை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு வேலையைப் பிறகு தேடியவர்கள்தான் தவணையில் திணறுகிறார்கள். அந்த வேலையில் இருக்கும் மூன்று பேரிடம் பேசிவிட்டு வரச் சொல்ல வேண்டும். அடுத்து, இலவசமாகக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். 2017-இன் குடியரசுச் சட்டம் 10931 அரசுப் பல்கலைக்கழகங்களிலும், அரசின் தொழிற்கல்வி அமைப்பான டெஸ்டா நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கல்விக் கட்டணத்தை நீக்கிவிட்டது. வெல்டிங், மின்வேலை, சமையல் போன்றவற்றுக்கு டெஸ்டாவின் இரண்டாம் நிலைத் தேசியச் சான்றிதழ் கையில் இருந்தால் கதவுகள் திறக்கின்றன. கடன் அதற்கப்புறம்தான்.

தம்பதி தங்கள் பையிலிருந்து பணம் கொடுக்கக் கூடாது. ஜீப்னிக் கட்டணம்கூட. கல்நெஞ்சாகத் தோன்றும், ஆனால் காரணம் உண்டு. கொடுத்த நாளிலிருந்து அவர்களிடம் வருகிறவர்கள் வேலை தேட வருகிறார்களா, பணத்துக்கு வருகிறார்களா என்று தெரியாது. வாங்கியவர் கூச்சத்தில் குழுவுக்கு வராமல் போவதும் நடக்கும். அடுத்து வரும் தம்பதியிடமும் அதே எதிர்பார்ப்பு தொடரும். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் இருந்து உறுப்பினர்கள் கொடுக்கும் காணிக்கை ஆயரிடம் இருக்கிறது, வறுமையைப் பார்ப்பது அவர் பொறுப்பு. அழைத்துக்கொண்டு போய் ஆயரிடம் பேச வைக்கலாம், அவ்வளவுதான்.

ஒப்படைப்பு

கடைசி நான்கு மாதங்களில் தம்பதி புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பேன். அப்போது பிணையத்தில் சுயசார்புக்குப் பொறுப்பான உள்ளூர்ச் சகோதரரோ சகோதரியோ எல்லாக் குழுக்களையும் நடத்த வேண்டும். தம்பதி சந்தித்து வைத்த முதலாளிகள் ஒவ்வொருவரிடமும் அவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்த வேண்டும். வெறும் தொலைபேசி எண் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனால் அந்த எண்களை யாரும் அழைப்பதில்லை. பதிவேட்டில் ஒரு முதலாளிக்கு ஒரு பக்கம்: என்ன வேலைக்கு ஆள் எடுக்கிறார், எந்த மாதங்களில், ஞாயிறு ஓய்வுக்கு ஒத்துக்கொண்டாரா, இதுவரை அங்கே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் தாண்டினார்கள். அதை, வந்து போகும் தம்பதியின் மடிக்கணினியில் வைக்காமல் பிணைய அலுவலக அலமாரியில், அச்சிட்ட தாளில், அங்கே பேசும் மொழியில் வைக்க வேண்டும். செபுவில் என்றால் செபுவானோவில்.